சிறிய கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் முதலாம் தவணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில், வெங்காயத் தோட்டங்களுக்கும் பனங்கூடலுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் பாடசாலை. தரம் 1 முதல் 5 வரை மட்டும்தான். பிள்ளைகள் எல்லோருமாக 60 பேருக்கும் குறைவு. தவணை முடிந்ததும் படலையடியிலும் கூட்டுறவுச் சங்கக்கடையிலும் கோவில் வீதியிலும் பெற்றோர் கேட்பவையும், கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பழைய மாணவர் தொலைபேசியில் கேட்பவையும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தரம் 3, 4 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. ஆகவே சில பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

முதலாம் தவணை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

வழமையாக ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்து, ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடியும். கொரோனாத் தொற்றும் அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடியும் 2020க்குப் பின் சில ஆண்டுகளுக்கு இந்த ஒழுங்கைக் குழப்பிவிட்டன. எனவே திகதிகளை அந்தந்த ஆண்டுக்கான கல்வி அமைச்சின் அறிவித்தலில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இவ்வளவு சிறிய பாடசாலையில் ஒரு தவணைக்குள் அப்படி என்னதான் நடந்துவிடும்?

நிறைய நடக்கும். தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா, பொங்கல் விழா, பிள்ளைகள் இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரிந்து போட்டியிடும் இல்ல மெய்வல்லுநர் போட்டி, சிறுவர் சந்தை, தமிழ்மொழித் தினப் போட்டிகள், மருத்துவப் பரிசோதனை, வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு களப்பயணம் எல்லாம் இந்த ஒரு தவணைக்குள் நடந்தன. பெரிய பாடசாலைகளிலும் இவை நடக்கின்றன. ஆனால் அங்கே ஆயிரம் பிள்ளைகள் இருந்தால் மேடையேறுபவர்கள் ஒரு சிலர்; மற்றவர்கள் கைதட்டுவார்கள். எங்களிடம் எல்லாப் பிள்ளைகளும் ஏறினால்தான் நிகழ்ச்சியே நடக்கும். நாடகத்தில் மரமாக நின்ற பிள்ளை அடுத்த நிகழ்ச்சியில் வரவேற்புரை சொல்ல வேண்டும். கூச்சப்படும் பிள்ளை போய் ஒளிந்துகொள்ள இங்கே கூட்டம் கிடையாது. இந்தத் தவணையின் சாதனை என்று நான் கீழே சொல்லப்போகிறவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

தரம் 1இல் சேர்க்க என்ன வயது? கால்கோள் விழாவில் என்ன செய்கிறீர்கள்?

சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டு வாருங்கள்.

கால்கோள் விழாவில் மாலை, பூச்செண்டு, இனிப்பு எல்லாம் உண்டு. அதைவிட முக்கியமானது அதன்பின் நடப்பது. ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் தரம் 5இலிருந்து ஓர் அண்ணாவோ அக்காவோ பொறுப்பாக நியமிக்கப்படுகிறார். தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, மணி அடித்தால் எங்கே நிற்க வேண்டும், நாய் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அவர்களுடைய வேலை. இந்தப் பொறுப்பு தவணை முடியும் வரை தொடரும். சப்பாத்து நாடா கட்டத் தெரியாத சின்னவர் அதை ஆசிரியரிடம் கேட்க வெட்கப்படுவார். அக்காவிடம் காலை நீட்டிவிடுவார்.

தரம் 1 பிள்ளை விளையாடிவிட்டு வீட்டுக்கு வருகிறது. கொப்பியில் எழுத்தைக் காணவில்லையே?

அம்மாமார் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் கற்றலை மூன்றாகப் பிரித்தது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2இல் விளையாட்டுக்குத்தான் கூடுதல் இடம். தரம் 3, 4இல் மூன்றும் ஏறத்தாழச் சமமாக வரும். தரம் 5இல் மேசை வேலை கூடும்.

புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கும் பிள்ளை எண்ணும் கணக்கும் படிக்கிறது. மணலில் விரலால் ‘ட’ கீறும் பிள்ளை எழுதத்தான் பழகுகிறது. பென்சிலை இறுக்கிப் பிடிக்க விரல்களுக்கு வலு வருவதற்கு முன் கொப்பியை நிரப்பச் சொன்னால், கையும் நோகும், மனமும் நோகும். தயவுசெய்து பங்குனி மாதம் வரை பொறுத்திருங்கள். அதுவரை வீட்டில் கதை சொல்லுங்கள், அது போதும்.

இரண்டு வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால் படிப்பு நடக்குமா?

நடக்கும். ஆனால் ஆசிரியரிடம் திட்டம் இருக்க வேண்டும். ஒரு வகுப்பைச் சும்மா இருத்திவிட்டு மற்ற வகுப்புக்குப் படிப்பிப்பது கூட்டுவகுப்பு ஆகாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் இரண்டு தரமும் ஒன்றாகத் தொடங்கும்: ஒரு கதை, அல்லது ஒரு மனக்கணக்கு. அதன்பின் பிரிப்பேன். இந்தத் தவணையில் பின்னம் படிப்பித்தபோது தரம் 4 பிள்ளைகள் பழைய பத்திரிகைத் தாளை அரை, கால், அரைக்கால் என்று மடித்து நிறம் தீட்டினார்கள். அதே நேரத்தில் தரம் 3 பிள்ளைகளுடன் நான் நிலத்தில் இருந்து கூட்டல் செய்துகொண்டிருந்தேன். பிறகு தரம் 4 பிள்ளை ஒருவர் தரம் 3 பிள்ளைக்கு ‘கால்’ என்றால் என்ன என்று தாளை மடித்துக் காட்ட வேண்டும். விளங்காமல் மனனம் செய்த பிள்ளை அந்த இடத்தில் தடுமாறும். அப்போது எனக்கும் தெரிந்துவிடும், யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு இரண்டு தரமும் சேர்ந்தே பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்கார ஐயா இயந்திரத்தைப் போட்டு இறைத்துக் காட்டினார். ஒரு பாத்தி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தரம் 4 மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தது. நடுகைக்கு வைத்திருந்த வெங்காயத்தை வெட்டி உள்ளே எத்தனை அடுக்கு என்று தரம் 3 எண்ணியது. எண்ணியவர்கள் எல்லோருக்கும் கண்ணீர். ‘வாய்க்காலில் தண்ணீர் ஏன் மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது?’ என்று ஒரு பிள்ளை கேட்டது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும் இருக்கின்றன, மழைநீர் அதற்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது, வயலுக்குப் போடும் உரமும் அதே வழியில் இறங்கும் என்று அந்த வரப்பிலேயே நின்று பேசினோம். பாடத்திட்டத்தில் அன்று அது இல்லை. இருந்தாலும் அதைப் பேசாமல் திரும்பி வர எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்துக்கு மட்டும் ஆசிரியர் வேறு பாடசாலையிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் வருகிறார். அது போதாது என்பது உண்மை.

விளையாட்டுப் போட்டியை எப்படி நடத்தினீர்கள்?

எங்கள் விளையாட்டிடத்தில் நேராக 50 மீற்றர் ஓட மட்டுமே இடம் இருக்கிறது. வட்டப் பாதை கீற முடியாது. ஆகவே நிகழ்ச்சிகளை இடத்துக்கு ஏற்பத் தெரிவுசெய்தோம்: சாக்கோட்டம், தவளைப் பாய்ச்சல், பழம் பொறுக்குதல், தேசிக்காய்ச் சமநிலை ஓட்டம், போத்தலில் நீர் நிரப்புதல், தொடரோட்டம். பிள்ளைகள் குறைவு என்பதால் இல்லங்கள் இரண்டுதான், நாவலர் இல்லமும் விபுலானந்தர் இல்லமும். முதல் நாள் மாலையில் பெற்றோர் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். இல்லங்கள் குருத்தோலையாலும் வாழையாலும் சோடிக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய அலங்காரப் பொருள் ஒன்றும் இல்லை.

நாங்கள் வைத்த விதி ஒன்று: ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளில் பங்குபற்ற வேண்டும், அதில் ஒன்று ஓட்டமாக இருக்கக் கூடாது. ஓடினால் எப்போதும் கடைசியாக வரும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். போத்தலில் நீர் நிரப்பும் போட்டியில் மற்றவர்கள் பதறிப் பதறிப் பாதியை மண்ணில் ஊற்றினார்கள். இவர் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றி முதலாம் இடம் எடுத்தார். அவருடைய தாய் அன்று கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அதை அவர் பார்த்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

அறிவிப்பாளர்களும் பிள்ளைகள்தான். தரம் 5 பிள்ளைகள் மாறி மாறி ஒலிவாங்கியைப் பிடித்து, பெயர்களையும் முடிவுகளையும் வாசித்தார்கள். முன்பள்ளிச் சின்னவர்களுக்கு ஓர் ஓட்டமும், பெற்றோருக்கு முட்டி உடைத்தலும், பழைய மாணவருக்குக் கயிறிழுத்தலும் இருந்தன. பரிசாகப் பிளாஸ்டிக் கிண்ணம் கொடுக்காமல் கொப்பி, நிறப்பென்சில், கதைப்புத்தகம் கொடுத்தோம். கிண்ணம் இல்லாவிட்டால் விளையாட்டுப் போட்டி மாதிரி இருக்காது என்று சிலருக்குக் குறை. அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கும் கிண்ணத்தைவிட நிறப்பென்சில் பெட்டி நல்லது என்றே நான் இப்போதும் நினைக்கிறேன்.

ஒத்திகையால் படிப்பு கெடவில்லையா?

ஒத்திகை கடைசிப் பாடவேளையில் மட்டும்தான். போட்டிக்கு முந்திய வாரம் கொஞ்சம் கூடியது. அந்த வாரம் விட்ட கணிதத்தைப் பிறகு ஈடுசெய்துவிட்டோம்.

சிறுவர் சந்தையில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. வேப்பமர நிழலில் சாக்கு விரித்து, பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். தை, மாசியில் பனங்கிழங்குக் காலம் ஆதலால் அவித்த பனங்கிழங்கும் புழுக்கொடியலும் நிறைய வரும். கத்தரிக்காய், பயிற்றங்காய், முருங்கைக்காய், கீரைப்பிடி, தேசிக்காய், வாழைப்பூ, கோழிமுட்டை, பாட்டி இழைத்த பனையோலைப் பெட்டி எல்லாம் இருந்தன. பொலித்தீன் பை அனுமதி இல்லை. வாங்க வருபவர்கள் பையோ கடகமோ கொண்டுவர வேண்டும். தராசைச் சங்கக்கடையில் இரவல் வாங்கினோம்.

தரம் 3 சிறுமி ஒருவர் முருங்கைக்கீரையுடன் இருந்தார். பக்கத்து வீட்டு முதியவர் வந்து, “மூன்று பிடி எவ்வளவு, பிள்ளை?” என்று கேட்டார்.

“ஒரு பிடி நாற்பது ரூபாய், அப்பு. மூன்றுக்கும் நூற்றிருபது.”

“நூறு ரூபாய்க்குத் தரமாட்டாயா?”

சிறுமி கொஞ்சம் யோசித்தார். “அம்மா விடியற்காலையில் எழும்பி ஒடித்தவர், அப்பு. நூற்றிருபதுதான்.”

முதியவர் இருநூறு ரூபாயைக் கொடுத்தார். சிறுமி உடனே காசை எடுக்கவில்லை. ‘நூற்றிருபது, நூற்று நாற்பது, நூற்றறுபது’ என்று இருபது இருபதாக விரல்மடித்து இருநூறு வரை ஏறி, எண்பது ரூபாயை எண்ணி வைத்தார். கழித்தல் என்று கரும்பலகையில் எழுதினால் பென்சிலைக் கடிக்கும் பிள்ளை அது. அடுத்த வாரம் கழித்தல் படிப்பித்தபோது அந்த முறையையே கரும்பலகையில் எழுதினேன், அவரையே விளக்கச் சொன்னேன்.

ஒரு வேண்டுகோள். சில பெற்றோர் சுன்னாகம் சந்தையில் மரக்கறி வாங்கி, பிள்ளையிடம் கொடுத்து விற்க விடுகிறார்கள். வேண்டாம். ஒரு பிடி வல்லாரை என்றாலும் வீட்டு வளவில் முளைத்ததாக இருக்கட்டும். அதைப் பிடுங்கும்போதும் கட்டும்போதும் பிள்ளை கூட நிற்கட்டும். விற்ற காசு பிள்ளைக்கே உரியது. பலர் அதைச் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

பாடசாலையில் சாப்பாடு கொடுக்கிறீர்களா?

ஆம். அரசின் பாடசாலை உணவுத் திட்டம் 2024இல் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்குமாக விரிவாக்கப்பட்டது. ஊர் அம்மாமார் சமைத்துத் தருகிறார்கள்: சோறு, பருப்பு, கீரை, மரக்கறி, சில நாட்களில் முட்டை, சில நாட்களில் பயறு. காலையில் வெறும் தேநீருடன் வரும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சாப்பாடுதான் அன்றைய முதல் உணவு. சாப்பாடு பிந்தினால் வகுப்பில் யார் தலை சாய்க்கிறார் என்று பார்த்தாலே அது தெரியும்.

மருத்துவப் பரிசோதனையில் என்ன பார்த்தார்கள்?

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்து உயரம், நிறை, கண், காது, பல், தோல் எல்லாம் பார்த்தார்கள். 200 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பாடசாலைகளில் குறிப்பிட்ட தரங்களை மட்டும் பரிசோதிப்பார்கள். எங்களைப் போன்ற சிறிய பாடசாலைகளில் எல்லாத் தரமும் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது ஒழுங்கு. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கண்ணாடி தேவை என்று இதில்தான் தெரியவந்தது. கண் கிளினிக்குக்குத் துண்டு கொடுத்தார்கள் என்றால் தயவுசெய்து அதைச் சாமியறைப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். அதே மாதம் கூட்டிப் போங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளில் ஏதாவது கிடைத்ததா?

பாடசாலை மட்டத்தில் வென்றவர் கல்விக் கோட்டம், பல கோட்டங்கள் சேர்ந்த கல்வி வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போக வேண்டிய போட்டி இது. எங்கள் தரம் 4 மாணவி ஒருவர் கோட்ட மட்டத்தில் பாவோதலில் (பாட்டை ஓசையோடு சொல்வதில்) இரண்டாம் இடம் எடுத்தார். பாட்டை அவருக்குப் பழக்கியவர் அவருடைய அம்மம்மா. பேச்சிலும் வாசிப்பிலும் இடம் கிடைக்கவில்லை, ஆனால் பெரிய மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன் நின்று முழுப் பேச்சையும் தடங்காமல் சொல்லிவிட்டு இறங்கிய பிள்ளை அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் தானாகவே முன்னுக்கு வந்து நற்சிந்தனை சொன்னது.

கடந்த முறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் சித்தி?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தரம் 5இல் பத்துப் பேர் வரைதான் இருப்பார்கள். ஒரு பிள்ளை கூடினாலோ குறைந்தாலோ வீதம் பத்தால் ஏறி இறங்கும். ஓர் ஆண்டு ‘அபாரம்’, மறு ஆண்டு ‘வீழ்ச்சி’ என்று ஊர் பேசும். இரண்டிலும் உண்மை இல்லை.

இந்தப் பரீட்சையின் வேர் 1940களில் இருக்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளை மத்திய மகா வித்தியாலயங்களுக்குத் தெரிவுசெய்து விடுதிச் செலவையும் கொடுத்துப் படிப்பிப்பதே நோக்கம். வசதி இல்லாத பிள்ளைக்குத் திறந்த கதவு அது. இன்று இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளை பெரிய பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம், வருமானம் குறைந்த குடும்பமென்றால் மாதாந்த உதவிப்பணமும் உண்டு. இவ்வளவுதான் அதன் பயன். பத்து வயதுப் பிள்ளை கெட்டிக்காரனா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை.

தரம் 3இலிருந்தே ரியூசன், சனிக்கிழமை மாதிரி வினாத்தாள், ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டிக் கருத்தரங்கு என்று அலையும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறேன். வினாத்தாளில் வரும் உருவத் தொடரை நொடியில் முடிப்பார்கள். ‘உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கள்’ என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் தரம் 5 பிள்ளைகளைப் பரீட்சைக்கு நன்றாகவே ஆயத்தப்படுத்துகிறோம், பாடசாலை முடிந்ததும் மேலதிக வகுப்பும் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. சித்தியடைந்தவர்களின் படத்தைப் போட்டுச் சந்தியில் பதாகை கட்டுவதை மட்டும் நாங்கள் செய்வதில்லை. அந்தச் சந்தியால்தான் மற்றப் பிள்ளைகளும் தினமும் போய் வருகிறார்கள்.

அப்படியானால் இந்தத் தவணையின் பெரிய சாதனை எது?

வாசிப்பு. தரம் 3இல் ண, ன, ந மூன்றையும் குழப்பிக்கொண்டு, வாசிக்கச் சொன்னால் அழும் பிள்ளை ஒருவர் ஜனவரியில் இருந்தார். அவரைத் தரம் 1 சின்னவர் ஒருவருக்குத் தினமும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டும்படி விட்டோம். கேட்பவருக்கு எழுத்தே தெரியாது. ஆகவே பிழை பிடிக்க ஆள் இல்லை, வெட்கம் இல்லை. படம் பார்த்துக் கதை கேட்கும் ஆசையில் சின்னவர் அவரை இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் இருத்துவார். இந்த ஏற்பாடு இப்போது எல்லா வகுப்புக்கும் உண்டு. யார் யாருக்கு எந்தப் புத்தகத்தை வாசித்தார் என்று ஒரு கொப்பியில் பிள்ளைகளே பதிகிறார்கள்.

மார்ச் கடைசியில் அந்தப் பிள்ளை சங்கக்கடை அறிவித்தல் பலகைக்கு முன் நின்று, மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று எழுதியிருந்ததைத் தன் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்திருக்கிறார். ‘மண்ணெண்ணெய்’ என்ற சொல்லை! அதில் எத்தனை ண இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பா மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி எனக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

வெங்காய அறுவடை, கோவில் திருவிழா என்றால் பிள்ளையைப் பாடசாலைக்கு விடாமல் மறிக்கலாமா?

தேர், தீர்த்தம் போன்ற நாட்களில் ஊர் முழுவதும் கோவிலில் இருக்கும், அது எங்களுக்கும் தெரியும். அறுவடைக்கு மறிப்பது வேறு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளையை மறிப்பது அதைவிட வேறு. அதில் இழப்பு எப்போதும் ஒரே பிள்ளைக்குத்தான். இடாப்பில் தொடர்ந்து வரவு இல்லை என்றால் அன்று மாலையே வீட்டுக்கு வருவோம். ஏச வரமாட்டோம். சின்னப் பிள்ளையை முன்பள்ளியில் விட முடியுமா, அயலில் யாரிடமாவது விடலாமா என்று சேர்ந்து யோசிப்போம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். பாடசாலைக்கு என்ன அனுப்பலாம்?

முதலில் நன்றி. எங்கள் மதிலும் தண்ணீர்த் தாங்கியும் உங்களால் வந்தவை. இனிமேல் வேண்டியவற்றை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

இன்னொரு வாசல் வளைவு வேண்டாம். பெயர் பொறித்த மேடையும் வேண்டாம். தொடுதிரைப் பலகை தர ஒருவர் முன்வந்தார். அது பழுதானால் திருத்த ஆளும் இல்லை, மின்கட்டணத்துக்குக் காசும் இல்லை. அரச ஒதுக்கீடு பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒட்டியே வருவதால், சிறிய பாடசாலைக்கு வருவது சிறிய தொகை. ஆனால் கூரை ஓடு உடைவதும் குழாய் பழுதாவதும் எண்ணிக்கை பார்த்து நடப்பதில்லை. எங்களுக்குத் தேவை மாதம் மாதம் வரும் சிறிய உதவி: குடிநீர் வடிகட்டியின் பராமரிப்பு, கழிப்பறை துப்புரவு, கோட்ட, வலயப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஓட்டோக் கூலி, புதுக் கதைப்புத்தகங்கள். பழைய புத்தகம் அனுப்புவதென்றால் கிழியாததாக, ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதாக அனுப்புங்கள். எதை அனுப்பினாலும் அதிபருடனும் பாடசாலை அபிவிருத்திக் குழுவுடனும் பேசிவிட்டு அனுப்புங்கள், கணக்கு எழுத்தில் வரும்.

காசைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒரு காலைப்பொழுது வகுப்பில் வந்திருங்கள். நீங்கள் செய்யும் வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பனிக்குள் பஸ் ஓட்டும் ஒருவர் இந்தத் தவணையில் வந்து பேசினார். கேள்விகள் முடியாமல் இடைவேளை மணியை அடிக்காமலே விட்டோம்.

பிள்ளைகள் குறைந்தால் பாடசாலையை மூடிவிடுவார்களா?

மூடப்பட்டவை வடக்கில் இருக்கின்றன, ஆகவே இந்தப் பயம் நியாயமானது. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதை இந்த மண்ணின் கதையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து ஊர்ப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமம் கிராமமாகப் பாடசாலைகளை ஏற்படுத்தியது. அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவற்றை 1960இல் அரசு பொறுப்பேற்றது. நடந்து போகும் தூரத்துக்குள் ஒரு பள்ளி என்ற நிலை இப்படித்தான் வந்தது. பிறகு போரினால் 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்தவர்களைவிடத் திரும்பாதவர்கள் கூடிய ஊர்கள் பல. பிறப்பும் குறைந்துவிட்டது. மிச்சமிருப்பவர்களில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறார்கள்.

கிராமத்துப் பள்ளி மூடப்பட்டால் வான் கூலி கொடுக்க முடியாத பிள்ளைதான் முதலில் படிப்பை இழக்கும். அந்தப் பிள்ளை இருக்கும் வரை இந்தப் பாடசாலை இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நகரப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளைக்கு நல்லதுதானே?

சில பிள்ளைகளுக்கு நல்லதாக இருக்கலாம். முடிவு உங்களுடையது. ஆனால் முடிவெடுக்கும் முன் மூன்று விடயங்களை விசாரித்துப் பாருங்கள்: பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், அந்த வகுப்பில் எத்தனை பேர், ஒரு நாளில் ஆசிரியர் உங்கள் பிள்ளையின் கொப்பியைப் பக்கத்தில் இருந்து பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும். இங்கே பிள்ளை நடந்து வரலாம். கொப்பி தினமும் பார்க்கப்படும். தரம் 6இல் எப்படியும் பெரிய பாடசாலைக்குப் போகத்தானே வேண்டும். ஐந்து ஆண்டுகள் வீட்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டும்.

ஏப்ரல் விடுமுறைக்கு வீட்டுவேலை உண்டா?

கொஞ்சம் உண்டு. வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் சின்ன வயதில் எந்தப் பாடசாலைக்குப் போனார், எப்படிப் போனார், யார் படிப்பித்தார் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். தரம் 1, 2 பிள்ளைகள் படம் கீறினால் போதும். பிள்ளைக்குப் பதிலாகப் பெரியவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். இரவல் கொண்டுபோன கதைப்புத்தகங்களை இரண்டாம் தவணையின் முதல் வாரத்தில் திருப்பித் தர வேண்டும். தம்பியோ ஆடோ கிழித்துவிட்டால் பயந்து ஒளிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒட்டுவதற்குப் பசையும் தாளும் வகுப்பில் இருக்கின்றன.